சந்தேகப் பிராணியின் கேஸ் புத்தகம்

எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற சொத்து ஒன்றுதான்: சந்தேகம். நிலம் நீச்சு எதுவும் கிடையாது. அப்பாவுக்குப் போர்ட் பிளேரில், சாத்தம் தீவு மர ஆலையில் வேலை. வீடு அக்கரையில், பம்பூஃப்ளாட்டில். தினமும் ஃபெர்ரியில் போய் ஃபெர்ரியில் திரும்புவார். சிறிது நேரப் பயணம்தான். அந்தச் சிறிது நேரமும் செருப்பைக் கழற்றி அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான் வருவார். (கடல் நடுவில் செருப்பைத் திருடுகிறவன் எங்கே ஓடுவான் என்று ஒருமுறை கேட்டேன். "நீந்தத் தெரிஞ்சவனா இருப்பான்" என்றார்.)

அம்மா அவருக்கு இளைத்தவள் இல்லை. வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். ஒருநாள் இழுத்த இழுப்பில் பூட்டு கையோடு வந்துவிட்டது. "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று எங்களையெல்லாம் வெற்றிப் பார்வை பார்த்தாள்.

இப்படிப்பட்ட இருவருக்குப் பிறந்த நான் பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினேன். கப்பலடியில் அப்பா சொன்ன அறிவுரை ஒரே வரி: "டேய் செல்லத்துரை, ஒருத்தனையும் நம்பாதே." சாப்பிடு, தூங்கு, கடிதம் போடு என்றெல்லாம் மற்ற அப்பாக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் போனது துப்பாக்கிக்கு. ஆள் எடுக்கும் இடத்தில் வரிசையாக நிற்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஆறடிப் பயில்வான் ஊசியைக் கண்டதும் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார். நான் தாங்கிப் பிடித்துத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்தேன். (என் சர்டிஃபிகேட் ஃபைல் மேல் விழுந்துவிடுவாரோ என்ற சந்தேகத்தில் செய்த காரியம் அது.) மேசையிலிருந்த டாக்டர் தலையாட்டி ஏதோ எழுதினார். அவ்வளவுதான், நான் நர்சிங் அசிஸ்டென்ட் ஆகிவிட்டேன். விஷயம் தெரிந்ததும் அப்பா, "துப்பாக்கி குடுப்பாங்கன்னு போனவனுக்குப் பெட்பேன குடுத்துட்டாங்க" என்றார். அம்மா அக்கம்பக்கத்தில் "பையன் மிலிட்டரில இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். என்ன வேலை என்று யாராவது தோண்டினால், "அது ரகசியம், வெளிய சொல்லக் கூடாது" என்பாள்.

பயிற்சி முடிந்து, இரண்டு மூன்று ஊர் சுற்றி, அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேருக்கே வந்து சேர்ந்தேன். மேட்டின் மேல் இருபது கட்டில் போட்ட ஒரு சின்ன ராணுவ மருத்துவமனை. (பெயர் வேண்டாம். இதை யார் யார் படிப்பார்களோ.) அங்கே மலைநாட்டுச் சிப்பாய் ஒருவர் மஞ்சள்காமாலையோடு பதினோரு நாள் கிடந்தார். அவருக்குத் தெரிந்த மொழி எனக்குத் தெரியாது; என் மொழி அவருக்குத் தெரியாது. கஞ்சி ஊட்டினேன், உடம்பு துடைத்தேன், வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டேன். டிஸ்சார்ஜ் ஆன அன்று அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு ஒரு மனிதர் மேல் சந்தேகம் வரவில்லை. துப்பாக்கி கிடைக்காத வருத்தம் அன்றோடு போயிற்று. இந்த வேலையை முறையாகப் படித்து, முழு நர்ஸ் ஆகிவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது.

அதற்கு ஒரு வழி இருந்தது. மெயின்லேண்டில் ஒரு பெரிய ராணுவ மருத்துவமனையில் மூன்று வருட நர்சிங் டிப்ளமா. படையில் இருந்துகொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம். எங்கள் மருத்துவமனைக்கு ஒரே ஒரு இடம். விண்ணப்பிக்கிறவர் கையில் ஒரு கேஸ் புத்தகம் இருக்க வேண்டும்: ஐம்பது நோயாளிகளுக்குத் தன் கையால் செய்த பணிவிடைகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் வார்டு சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். தேர்வாளர் கப்பலில் வந்து, புத்தகத்தையும் ஆளையும் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். புத்தகம் இல்லாதவன் தேர்வு அறை வாசலைக்கூட மிதிக்க முடியாது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது முடிந்து சில மாதங்கள். வயது வரம்பு இருபத்தைந்து. இந்த வருடம் விட்டால் போச்சு, ஆயுள் முழுக்கப் பெட்பேன்தான். ஆபீஸ் கிளார்க் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "படையில் இருக்கிற வருடங்களை வயதில் கழித்துக்கொள்வார்கள், நீ அவசரப்படாதே" என்று ஹிந்தியில் சொன்னார். வலிய வந்து ஒருவர் 'அவசரப்படாதே' என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? எனக்கு எதிராக யாரோ அவரை ஏவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அவர் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை.

அந்த யாரோ யார் என்பதும் எனக்குத் தெரியும். காதர். என்னைப் போலவே நர்சிங் அசிஸ்டென்ட். அபர்தீன் பஜாரில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை. அந்த ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிற இன்னொரு ஆள் அவன் மட்டும்தான். அவன் கேஸ் புத்தகத்தில் எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருக்கும். என் எழுத்தைப் பார்த்தால் நோயாளியே எழுதியது போல இருக்கும். இருந்தாலும் நான் நாற்பத்தொன்பது கேஸ் முடித்திருந்தேன், அவன் நாற்பத்தேழு. இது போதாதா?

ஒருநாள் அவன் சாதாரணமாகக் கேட்டான்: "மாப்ளே, ஒன் புக்க ஒருவாட்டி குடேன், நீ எப்படி எழுதியிருக்கேன்னு பாக்கறேன்."

முத்து முத்தாக எழுதுகிறவன் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்? அன்றைக்கே அட்டையில் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றிலும் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பிறகு அதுவும் தப்பு என்று தோன்றியது. தொடாதே என்றால்தானே தொடத் தோன்றும்? எனவே ஒளித்து வைக்க ஆரம்பித்தேன்.

முதலில் தலையணைக்கு அடியில். பிறகு டிரங்குப் பெட்டியில். பிறகு கம்பளிகள் அடுக்கிய அலமாரியின் பின்னால். அங்கே ஒரு பெரிய பூரான் குடியிருந்ததால், அரசாங்கம் எனக்குக் கொடுத்த கிரேட்கோட்டின் உள்பையில். (போர்ட் பிளேர் புழுக்கத்தில் முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டு எதற்கு என்று அன்றுவரை எனக்கு விளங்கவில்லை, இதற்குத்தான் போலிருக்கிறது.) காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம். தாய்ப்பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது போல ஒரு வாரம் அலைந்தேன்.

அந்த வாரக் கடைசியில் மலேரியா வந்து படுத்தேன். மூன்று நாள் குளிர், நடுக்கம், பிதற்றல். நாலாவது நாள் எழுந்ததும் முதல் வேலையாகக் கிரேட்கோட்டின் உள்பையில் கை விட்டேன். பை காலி.

பெட்டியைக் கவிழ்த்தேன். தலையணையைக் கிழிக்காத குறை. பூரானிடம்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புத்தகம் இல்லை. நாற்பத்தொன்பது கேஸ், ஒன்றரை வருட உழைப்பு, போயே போய்விட்டது. தேர்வாளர் அடுத்த கப்பலில் வருகிறார் என்று தகவல் வந்துவிட்டது. கப்பலுக்கு இன்னும் ஆறு நாள்தான். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புலன்விசாரணையில் இறங்கினேன்.

முதல் விசாரணை சமையல்காரர் மாடசாமியிடம். திருநெல்வேலிக்காரர், அடுப்பு பற்ற வைக்க எந்தக் காகிதம் கிடைத்தாலும் விடமாட்டார். அடுப்பங்கரையில் போய்ச் சாம்பலைக் கிளறிப் பார்த்தேன்.

"என்னடே தேடுத? தேங்கா சுட்டு வச்சிருக்கேன்னு நெனச்சியா?" என்றார்.

"அண்ணாச்சி, பழுப்பு அட்டை போட்ட புத்தகம் ஏதாவது எரிச்சீங்களா?"

"புஸ்தகத்த எரிச்சா சரஸ்வதி கண்ணக் குத்திருவாடே. நான் எரிக்கது பழைய பேப்பரு மட்டுந்தான்."

அடுத்த நாலைந்து நாளில் மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டேன். மூன்றாவது முறை மனிதர் நொந்துபோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையிலிருந்து வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, வயிறும் குறுகுறுக்கும் போல என்று நினைத்தேன். விசாரணைக்குப் பயந்து நடிக்கிறார் என்று முடிவு கட்டி, சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆனால் முதல் சந்தேகம் காதர் மேல்தான். அவன் நடவடிக்கை எதுவுமே சரியாக இல்லை. முதலாவது, என்னிடம் அன்பாக இருந்தான். "காய்ச்ச விட்டுச்சா மாப்ளே? உம்மா ஒனக்குன்னு கஞ்சி காச்சிக் குடுத்துச்சு, சூடா இருக்கு, ஜல்தி குடி" என்று தூக்குச்சட்டியை நீட்டினான். இதற்கு முன் என்றைக்காவது கஞ்சி கொண்டுவந்திருக்கிறானா? (முன்பு எனக்குக் காய்ச்சல் வந்ததில்லை என்பது அப்போது தோன்றவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டேன். சந்தேகம் வேறு, பசி வேறு.) இரண்டாவது, அவன் பெட்டியில் புதிதாக ஒரு பூட்டுத் தொங்கியது. மூன்றாவதுதான் பெரிய துப்பு: மத்தியான ஓய்வு நேரத்தில் மாமரத்தடியில் உட்கார்ந்து என்னமோ எழுதுவான். என்னைக் கண்டதும் சட்டைக்குள் திணித்துக்கொள்வான், முகம் சிவந்துபோகும்.

என் புத்தகத்தைப் பார்த்துத்தான் காப்பி அடிக்கிறான் என்று புரிந்துவிட்டது. உட்கார்ந்து மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினேன். கஞ்சியையும் விடவில்லை. வார்டு பொறுப்பிலிருந்த சிஸ்டர் அன்னம்மாவிடம் கொடுத்தேன். மலையாளி, சென்னையில் படித்த காலத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும். மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"நீ கண்ணால கண்டோ, செல்லத்துரை?"

"காணல சிஸ்டர். ஆனா நூத்துக்கு நூறு அவன்தான்."

"காணாம எப்படி நூறு?"

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும் சிஸ்டர்."

சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செரி, நான் காதர்கிட்ட கேட்டுப் பாக்கறேன். தேர்வுக்கு வர்ற மேட்ரன் வரட்டே" என்று புகாரை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

கப்பல் வந்தது. ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார் தேர்வாளர். லெஃப்டினென்ட் கர்னல் அந்தஸ்தில் இருந்த ஒரு மேட்ரன். நரைத்த தலை, விறைப்பான வெள்ளை உடுப்பு, நாலு நாள் கப்பலில் வந்தும் ஒரு சுருக்கம் இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் இருவரையும் நிற்க வைத்து, "கேஸ் புத்தகம்" என்று கை நீட்டினார். காதர் கொடுத்தான். ஐம்பதும் முடித்திருந்தான்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கில வாக்கியத்தைச் சொன்னேன்: "என் புத்தகம் திருடப்பட்டுவிட்டது மேடம். திருடியவர் இந்த மருத்துவமனையிலேயே இருக்கிறார்." சொல்லிவிட்டுக் காதரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பார், குனிகிறான் என்று குறித்துக்கொண்டேன்.

மேட்ரன் பதில் சொல்வதற்குள் வார்டில் ஒரே சத்தம். மாடசாமி அண்ணாச்சி சுருண்டு விழுந்துவிட்டார். காதர்தான் முதலில் ஓடினான். வயிற்றின் வலது பக்கம் விரல் வைத்து அழுத்தி எடுத்தான், அண்ணாச்சி அலறினார். காதர் நேராகப் போய் எங்கள் சர்ஜன் மேஜர் சாப்பைக் கூட்டி வந்தான். அப்பெண்டிக்ஸ். இன்னும் அரை நாள் போயிருந்தால் உள்ளேயே வெடித்திருக்கும் என்றார் மேஜர். இரண்டு நாளாக வலிக்கிறது என்ற மனிதருக்குச் சோடா உப்புக் கொடுத்து அனுப்பியவன் நான். இந்தக் கதையில் எல்லா இடத்திலும் சிரிக்கிற என் வீட்டார்கூட இந்த இடத்தில் சிரிப்பதில்லை. எனக்கு இன்றும் இது வெட்கம்தான்.

"நல்லது, இருவரையும் தியேட்டரிலேயே பார்த்துவிடுகிறேன்" என்றார் மேட்ரன். காதருக்குத் துணி, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. எனக்கு ஆட்டோகிளேவ். அது ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும் நீராவி இயந்திரம். வீட்டுப் பிரஷர் குக்கருக்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு வேண்டிய துணிகளை வட்டமான தகர டிரம்களில் அடுக்கி அதற்குள் வைத்து அவித்தால் கிருமி செத்துவிடும். டிரம்மின் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு; ஆவி அதன் வழியாகத்தான் உள்ளே போகும்.

எங்களிடம் ஆறு டிரம்கள். ஆறாவதின் கதவு துருப்பிடித்து இறுகிப்போனதால் அதை யாரும் தொடுவதில்லை. மேல் தட்டில் சும்மா கிடக்கும். அன்று அவசரத்தில் ஐந்து போதவில்லை. ஸ்டூல் போட்டு ஆறாவதை இறக்கினேன். கதவில் தேங்காய் எண்ணெய் விட்டதும் திறந்துகொண்டது. மூடியைத் திறந்து பார்த்தால், அட, மேலே இரண்டு டவல்கள் ஏற்கெனவே மடித்து வைத்திருக்கிறது! விதிப்படி எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உதறி, திரும்ப அடுக்க வேண்டும். ஆனால் என் கண் டிரம்மில் இல்லை. கதவிடுக்கு வழியாகக் காதரைக் கவனித்துக்கொண்டிருந்தது. அவன் மேட்ரனிடம் என்னமோ சொல்கிறான், அவர் தலையாட்டுகிறார். என்ன சொல்கிறான்? அந்த யோசனையிலேயே மூடியைப் போட்டு, டிரம்மை உள்ளே தள்ளி, திருகை இறுக்கினேன். ஆவி ஏறி இறங்கிய பின் ஒவ்வொரு டிரம்மிலும் சீட்டுக் கட்டி, 'அவித்தவர்: லான்ஸ் நாயக் செல்லத்துரை' என்று கையெழுத்தும் போட்டேன். வேலையில் நான் என்றைக்கும் ஒழுங்கு.

தியேட்டரில் அண்ணாச்சிக்கு முதுகில் ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள். ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார். மேஜரும் சிஸ்டர் அன்னம்மாவும் கையுறை மாட்டி நின்றார்கள். மூலையில் மேட்ரன். நான் சுவரோரமாக. காதர் நீண்ட இடுக்கியோடு டிரம்மைத் திறந்தான்.

முதல் டவலைத் தூக்கினான். வெள்ளை டவலில் கையகல ஊதாக் கறை. சிஸ்டரின் புருவம் உயர்ந்தது. இரண்டாவது டவல் பாதிக்கு மேல் ஊதா. காதர் ஒரு நிமிடம் தயங்கி, இடுக்கியை உள்ளே விட்டு மூன்றாவதாக ஒன்றை எடுத்தான்.

அது என் கேஸ் புத்தகம்.

இடுக்கியின் நுனியில், ஆவி பறக்க, அட்டை சுருண்டு, இட்லித் தட்டிலிருந்து எடுத்தது போலத் தொங்கியது. 'தொடாதே' என்ற எழுத்து மூன்று மொழியிலும் லேசாகத் தெரிந்தது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. காய்ச்சல் ஏறிய அன்று, பல் கிட்டிப்போக, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் ஏறியது நான். "இந்த டிரம்மை ஒரு பயலும் தொடமாட்டான்" என்று நினைத்தது நான். யாராவது திறந்தாலும் தெரியக் கூடாது என்று மேலே இரண்டு டவல் வைத்து மூடியது நான்.

மேசை மேலிருந்து அண்ணாச்சியின் குரல் எழுந்தது.

"ஏ சிஸ்டரம்மா! புஸ்தகத்தப் பாத்துத்தான் அறுக்கப் போறாவளா? இதுக்கு முன்ன ஒருத்தரையும் அறுத்தது இல்லியா? என்ன விட்டுருங்கம்மா, எனக்கு வலியே இல்ல!"

"யே க்யா ஹை?" என்றார் மேஜர் சாப், புத்தகத்தைப் பார்த்து. சிஸ்டர் குனிந்து டிரம்மில் தொங்கிய சீட்டை உரக்கப் படித்தார்: "அவித்தவர், லான்ஸ் நாயக் செல்லத்துரை."

மேட்ரன் மெல்ல என் பக்கம் திரும்பினார். "காலையில் ஒரு திருடனைப் பற்றிச் சொன்னாயே, அவன் இந்த அறையில் இருக்கிறானா?"

"இருக்கிறான் மேடம்."

"காட்டு."

காதரைப் பார்த்தேன். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை சிரிக்கவில்லை. நான் என் கையை உயர்த்தினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்குக்கூட அவ்வளவு சரியாக நான் கை தூக்கியதில்லை.

மேஜர் வேறு டிரம்மைத் திறக்கச் சொன்னார். "இஸ் கம்ரே மே ஸப்ஸே ஸாஃப் சீஸ் யஹீ கிதாப் ஹை" என்றார் தலையை ஆட்டிக்கொண்டே. இந்த அறையிலேயே சுத்தமான பொருள் அந்தப் புத்தகம்தானாம். அண்ணாச்சியைச் சமாதானப்படுத்திக் கத்தி வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்பெண்டிக்ஸ் நல்லபடியாக வெளியே வந்தது.

மத்தியானம் ஆபீசில் விசாரணை. மேசை மேல் என் மூன்று பக்கப் புகார், பக்கத்தில் வெந்த புத்தகம். உள்ளே நான் எழுதியதெல்லாம் மையில். ஆவியில் கரைந்து சுத்தமாகப் போயிருந்தது. சிஸ்டர் எப்போதும் கையெழுத்துப் போடுவது ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் காப்பிப் பென்சிலில். அது மட்டும் பக்கத்துக்குப் பக்கம் பூத்துக் கிடந்தது. மேட்ரன் புரட்டிப் பார்த்தார். "சிஸ்டர் கையெழுத்து இருக்கிறது. எதற்குப் போட்டார் என்பது இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்றார். பிறகு சிஸ்டரிடம் திரும்பி, காதர் ரகசியமாக எழுதியது என்ன என்று கேட்டார்.

சிஸ்டர் தொண்டையைச் செருமினார். "கல்யாணம் பேசி வச்ச மாமன் மகளுக்குக் கடிதம், மேடம். இந்தப் புகார் வந்ததுகொண்டு நான் அதை வாசிச்சுக் காட்டச் சொன்னேன். பாவம், வாசிச்சான்."

பூட்டும் அந்தக் கடிதங்களுக்காகத்தான். நான் பெட்டிப் பெட்டியாக மோப்பம் பிடித்துத் திரிவதைப் பார்த்து வாங்கிப் போட்டிருக்கிறான். ஒரு மனிதனின் காதல் கடிதத்தை அவனுடைய மேலதிகாரி முன்னால் உரக்கப் படிக்க வைத்தவன் நான். தரை பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தேன். அரசாங்கத் தரை, பிளக்கவில்லை.

"இந்த வருடம் உன்னை எடுக்க முடியாது" என்றார் மேட்ரன்.

"மேடம், அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இதுதான் கடைசி" என்றேன்.

"படையில் இருந்த வருடங்களைக் கழிப்பார்கள் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா?"

கிளார்க் எழுந்து நின்று, "நான் சொன்னேன் மேடம், அன்றிலிருந்து இவன் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான்" என்றார்.

மேட்ரன் புத்தகத்தை மூடினார். "நோயாளி வலிக்கிறது என்றால் நம்புவதுதான் நர்ஸுடைய முதல் வேலை. சந்தேகப்படுவதையெல்லாம் உன் சொந்த நேரத்தில் வைத்துக்கொள். அடுத்த வருடம் ஐம்பது கேஸோடு வா, பச்சையாக" என்றார். தண்டனையும் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு டிரம்மையும் அடுக்கும்போது உள்ளே என்னென்ன இருக்கிறது என்று இன்னொரு ஆள் முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் "புத்தகம் இல்லை" என்றும் சொல்ல வேண்டும். எனக்கு மதிப்பெண் போட்ட தாளில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் நல்ல வார்த்தை இருந்தது. கிருமி நீக்கம்: மிக நன்று.

இடம் காதருக்குப் போயிற்று. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா செருப்பைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"ஒருத்தனையும் நம்பாதேன்னு சொன்னீங்களேப்பா" என்றேன், ஏதோ பழி போட ஆள் வேண்டியிருந்ததால்.

"ஒருத்தனையும்னா அதுல நீயும் உண்டுடா" என்றார் அப்பா.

கப்பல் கிளம்பும் நாளில் ஃபீனிக்ஸ் பே துறைக்குப் போனேன். காதரிடம் மன்னிப்புக் கேட்க நாலு நாளாக வார்த்தை தேடி, ஒன்றும் கிடைக்காமல் நின்றேன். அவன் பையிலிருந்து என் கேஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினான். ஒட்டிக்கொண்ட பக்கங்களையெல்லாம் பிரித்து, ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டிருந்தான்.

"வெச்சுக்க மாப்ளே. எழுத்துதான் போச்சு, சிஸ்டர் கையெழுத்து வரிசையா இருக்கு. எந்தக் கேசுக்கு அப்புறம் எதுன்னு இதப் பாத்து ஞாபகப்படுத்திக்க."

"காதர், நான் உன்னை..."

"மன்னிப்புலாம் வேணாம். அந்த லெட்டர நான் சிஸ்டருக்கு வாசிச்சுக் காட்டுனேன் பாரு, அதுக்கு ஒன்ன ஆயுசுக்கும் விடமாட்டேன்."

சொன்ன சொல் தவறாதவன். அடுத்த வருடம் ஐம்பது கேஸும் புதிதாக முடித்தேன். புத்தகத்தை வார்டு மேசை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்தே வைத்திருந்தேன், ஒருவரும் தொடவில்லை. இடம் கிடைத்தது. மெயின்லேண்டில் போய் இறங்கினால், சீனியர் காதர் என்னை வகுப்பில் அறிமுகப்படுத்தி வைத்தான்: "இவன்தான் மாப்ளே, புக்க அவிச்சவன்." படிப்பு முடிந்து, படையிலேயே பல ஊர் மருத்துவமனைகளில் வேலை பார்த்து, கடைசி வருடங்களில் நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தேன். எங்கள் பழைய மருத்துவமனையில் டிரம் அடுக்கும்போது உள்ளிருப்பதை உரக்கச் சொல்லிவிட்டு "புத்தகம் இல்லை" என்று முடிக்கிற வழக்கம் நெடுநாள் இருந்ததாம். ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாதாம்.

வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாவி காணோம், மூக்குக்கண்ணாடி காணோம், டெலிஃபோன் பில் காணோம், யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நான் வாயைத் திறந்தால் போதும். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்: "குக்கரத் திறந்து பாருங்க!" மகள் சிரிப்பாள், மருமகன் சிரிப்பார். காதர் வந்திருந்தால் அவன்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பான்.

நானும் சேர்ந்து சிரிப்பேன். எல்லோரும் சிரித்து முடித்துக் கலைந்து போன பிறகு, யாரும் பார்க்காத நேரமாகச் சமையலறைக்குப் போய், குக்கரை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவேன். யாரை நம்பினாலும் என்னை நம்ப முடியாது.